ரெயில் பெட்டியிலிருந்து வந்த குசினி

மகளுக்கு வீடு கட்டத் தொடங்கி எட்டு மாதமாகிறது. கிழக்கு மாகாணத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம் என்பது வாசகிகளுக்குத் தெரியும். அத்திவாரம், சுவர், கூரை எல்லாம் சச்சரவின்றி நடந்தன. குசினிக்கு வந்தபோதுதான் தாய்க்கும் மகளுக்கும் ஒத்துப்போகவில்லை.

"உம்மா, எனக்கு ஹோட்டல் குசினி மாதிரி வேணும். எல்லாம் ஸ்டீல். ஒரு பக்கம் கழுவுற, ஒரு பக்கம் வெட்டுற, ஒரு பக்கம் அடுப்பு. நடுவில ஒரு ஆள் நின்டு திரும்பினாக் காணும்" என்று படமொன்றைக் காட்டினாள் மகள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. என் மனதில் இருந்தது வேறொரு குசினி. பின்வாசலோரம் துருவலையில் குந்தித் தேங்காய் துருவும் என் உம்மா, சுளகில் அரிசி புடைக்கும் சாச்சி, மீன் வெட்டிக்கொண்டே கதை சொல்லும் பக்கத்து வீட்டுத் தாத்தா, நோன்பு காலத்தில் கஞ்சி காய்ச்சக் கூடும் நாலைந்து பேர். மகள் காட்டிய படத்தில் இவர்களில் ஒருவருக்கும் இடமில்லை.

"மூத்தம்மா எங்க இருக்கிற?" என்று கேட்டேன். மகள் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜேர்மனியில் இருக்கும் என் தம்பியிடமிருந்து அழைப்பு வந்தது. அவனுடைய மனைவிக்குப் பிள்ளைப்பேறு. ஒத்தாசைக்கு ஆளில்லை. மேசன் பாஸிடம் குசினி வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் பிராங்க்பேர்ட் நகருக்குப் பயணமானேன்.

நாற்பது கழிந்த பிறகு ஒரு நாள், என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தம்பியின் மனைவி சொன்னாள்: "மதினி, நீங்க சண்டை புடிக்கிற அந்தக் குசினி பொறந்த ஊரே இதுதான். ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்க."

ஆற்றங்கரையில் ஒரு சின்ன வீடு

நகரின் நடுவிலுள்ள ஹௌப்ட்வாக்கே நிலையத்தில் சுரங்க ரெயில் ஏறினோம். சிறிது தூரத்தில் ரெயில் நிலத்துக்கு மேலே வந்துவிடுகிறது. ரோமர்ஸ்டாட் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் நித்தா என்ற சிறிய ஆற்றின் பக்கமாக வரிசை வரிசையாக வீடுகள். ஆடம்பரம் எதுவுமில்லை. தட்டையான கூரை, வீட்டுக்குப் பின்னால் சிறு தோட்டம்.

முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இந்நகரில் கடுமையான வீட்டுப் பஞ்சம். 1925இல் நகரின் கட்டட வேலைகளைப் பொறுப்பேற்ற எர்ன்ஸ்ட் மே என்பவர் ஐந்து வருடங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டுவித்தார். 1927, 1928ஆம் ஆண்டுகளில் எழுந்த ரோமர்ஸ்டாட் குடியிருப்பில் மட்டும் சுமார் 1,200 வீடுகள். அவற்றில் ஒன்றை அந்தக் காலத்தில் இருந்தபடியே திருத்தி, அவருடைய பெயரில் காட்சி வீடாக வைத்திருக்கிறார்கள்.

அதன் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். நம் வீட்டுக் களஞ்சிய அறை அளவுதான். அகலம் சுமார் 6 அடி 3 அங்குலம், நீளம் 11 அடி 3 அங்குலம். ஆனால் ஒரு விரற்கடை இடம் வீணாகவில்லை.

எதிரே யன்னல். அதன் கீழே வெட்டும் மேசை, முன்னால் சுற்றும் கதிரை. மேசையிலேயே ஒரு துவாரம். தோலையும் தண்டையும் கையால் தள்ளிவிட்டால் கீழேயுள்ள லாச்சியில் விழும். பக்கத்தில் கழுவும் தொட்டி. கழுவிய பீங்கான்கள் தாமாகவே நீர் வடிந்து காயத் தட்டு. அரிசி, சீனி, பருப்பு வகைகளுக்கு வரிசையாக அலுமினிய லாச்சிகள். ஒவ்வொன்றுக்கும் பிடியும் மூக்கும் உண்டு; இழுத்தெடுத்து அப்படியே சட்டிக்குள் சரிக்கலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தாலான லாச்சி, பூச்சி அண்டாது என்பதற்காக. சுவரோடு மடித்து வைக்கும் இஸ்திரிக்கைப் பலகை. வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்படி கூரையில் ஓடும் லைட். அலுமாரிகளுக்கு நீலம் சார்ந்த நிறம்; ஈ அந்த நிறத்தை அண்டாது என்று அப்போது நம்பியிருக்கிறார்கள்.

பார்க்கப் பார்க்க என் மகளின் படம் ஞாபகம் வந்தது. ஸ்டீலுக்குப் பதில் மரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடி எண்ணிய பெண்

இதை 1926இல் வரைந்தவர் மார்கரெட்டே லிஹொட்ஸ்கி என்ற பெண். கட்டடக் கலை படித்துத் தொழிலாகச் செய்த முதல் ஒஸ்திரியப் பெண்களில் ஒருவர். அப்போது வயது 29. தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி எத்தனை தடவை குனிகிறான், எத்தனை அடி நடக்கிறான் என்று மணிக்கூட்டை வைத்து அளக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவியிருந்த காலம் அது. கிறிஸ்டின் பிரெடெரிக் என்ற அமெரிக்கப் பெண், அதே கணக்கை வீட்டு வேலைக்கும் போட்டு 1913இல் ஒரு நூல் எழுதினார். அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்பைப் படித்தவர் லிஹொட்ஸ்கி.

அவருக்கு இன்னொரு முன்மாதிரி, ரெயிலில் இருக்கும் சாப்பாட்டுப் பெட்டி. ஒடுங்கிய ஓர் அறைக்குள் இரண்டொரு பேர் நின்றபடியே எத்தனையோ பயணிகளுக்குச் சமைத்து விடுகிறார்கள். அப்படியானால் ஒரு குடும்பத்துக்குச் சமைக்க ஒரு பெண் ஏன் நாள் முழுவதும் அலைய வேண்டும்? வேலைக்குப் போய்வரும் பெண்ணுக்கு வீட்டிலும் இன்னொரு முழுநாள் வேலை காத்திருக்கிறதே என்பதுதான் அவருடைய கவலை. இந்தக் குசினி சுமார் 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் சுவரோடு சுவராகப் பூட்டும் குசினிகளுக்கெல்லாம் முன்னோடி இதுதான்.

அவருடைய பிற்கால வாழ்க்கையும் சாதாரணமானதல்ல. 1938இல் இஸ்தான்பூலுக்குப் போய் அங்கு பணியாற்றினார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து இரகசியமாக இயங்கியவர்களோடு சேர்ந்து வியன்னாவுக்குத் திரும்பி, 1941இல் பிடிபட்டார். பதினைந்து வருடச் சிறைத் தண்டனை. 1945இல் யுத்தம் முடியும் தறுவாயில்தான் விடுதலை. 2000ஆம் ஆண்டு, 103ஆவது பிறந்த நாளுக்கு ஐந்து நாள் இருக்கையில் காலமானார். இவ்வளவு செய்தும் எல்லோரும் அந்தக் குசினியைப் பற்றியே கேட்கிறார்களே என்று முதுமையில் அலுத்துக்கொண்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்த விடயம் ஒன்றுண்டு. அதை வரையும்போது அவர் வீடு நடத்தியவருமல்ல, சமைத்துப் பழகியவருமல்ல. இதை அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கே பிசகியது?

அந்தக் குசினியில் நான் நின்று பார்த்தேன். தொட்டியிலிருந்து மேசைக்கு ஓரடி, அடுப்புக்கு இரண்டடி. அருமை! ஆனால் தம்பியின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் நான் வெளியே போக வேண்டியிருந்தது.

குடியிருந்தவர்களின் முறைப்பாடும் அதுவே. ஒருவர் நிற்கலாம், இரண்டாவது ஆள் இடைஞ்சல். முன்பு குசினியிலேயே உண்டு, இருந்து, கதைத்துப் பழகிய குடும்பங்களில் பெண் மட்டும் தனித்துப் போனாள். விளையாடும் பிள்ளைகளைத் தாய் பார்த்துக்கொள்ளட்டும் என்று பக்கத்து அறைக்கு ஒரு தள்ளு கதவை லிஹொட்ஸ்கி வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் 1970களில் பெண்ணுரிமை பேசியவர்கள், பெண்ணைத் தனியறையில் அடைத்த குசினி என்று இதைக் கண்டித்தார்கள்.

"பாத்தியா, நான் சொன்னது சரி" என்றேன்.

அவள் விடவில்லை. "மதினி, அந்த லாச்சிகளப் பாத்து வாயத் தொறந்து நின்டது ஆரு? இந்த நாப்பது நாளும் நிண்ட நிலையில சமைச்சீங்களே, இடுப்பு வலி எண்டு ஒரு நாளும் சொல்லல்லயே!"

உண்மைதான். முப்பது வருடமாக ஊரில் குந்தியும் குனிந்தும் எழும்பியும் சமைத்த நான், இங்கே அந்த வலியை மறந்துவிட்டிருந்தேன்.

ஊர் திரும்பிய பின்

வந்ததும் மகளை அழைத்துக் கடதாசியும் பென்சிலும் எடுத்தேன். பொருள் வரும் வாசல், கழுவுமிடம், வெட்டுமிடம், அடுப்பு, பரிமாறுமிடம் என்று வேலை நடக்கும் ஒழுங்கிலேயே வரிசை வைத்தோம். இது ஹோட்டல் குசினியின் பாடம். அதை மகளுக்கு விட்டுக் கொடுத்தேன். மேசையின் உயரத்தை, நின்று முழங்கையை மடித்து, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே என்று அவளுடைய உயரத்துக்கே அளந்தோம். கேஸ் சிலிண்டர் சுவருக்கு வெளியே. ஸ்டீல் தட்டு வாங்குவோர் 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள். எங்களைப் போல் கடற்கரை ஊர்களில் மலிவான தகடு உப்புக் காற்றில் விரைவில் கறை பிடிக்கும்.

அகலத்தை மட்டும் நான் விட்டுக் கொடுக்கவில்லை. இரு பக்கமும் இரண்டிரண்டு அடி மேசை, நடுவில் நாலடி, ஆக எட்டடி. இரண்டு பேர் முதுகோடு முதுகாக நின்று வேலை செய்யலாம், மூன்றாமவரும் கடந்து போகலாம்.

பிறகு உம்மாவிடம் போய்ப் பெருமையோடு சொன்னேன்: "உம்மா, உங்கட இடத்த நான் விட்டுக் கொடுக்கல்ல. பின்வாசலுக்குப் பக்கத்துல, தரையில துருவலை போட இடம் வெச்சிரிக்கன்."

உம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரையிலயா? என்ட முழங்கால் படுற பாடு உனக்குத் தெரியுமா புள்ள? இவ்வளவு காலமும் அந்த மூலையில ஆசைக்கா குந்தின? கதிரை போட இடமில்லாமத்தானே குந்தின. நீ சொன்னியே, அந்தச் சுத்துற கதிரை, அதுல ஒண்டு வாங்கித் தா. உங்களோட கதைச்சிக்கிட்டு இருக்கன்."

சமைத்தறியாத ஒரு பெண் குசினி வரைந்தாள் என்று பிராங்க்பேர்டில் சிரித்துவிட்டு வந்தவள் நான். முப்பது வருடம் கூடவே சமைத்தும் உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காதவளும் நான்தான்.

சகோதரிகளே, மேசன் பாஸ் கல் வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் உங்கள் குசினியில் சும்மா இருந்து பாருங்கள். யார் யார் வந்து போகிறார்கள், எதற்காக எத்தனை தடவை நடக்கிறார்கள், யார் எங்கே குனிகிறார்கள் என்று எண்ணுங்கள். எண்ணி முடிந்ததும் அவர்களிடமே கேளுங்கள்.

இப்போது யன்னலடியில் தாழ்ந்த மேசையொன்று கட்டுகிறோம். கீழே கால் நீட்ட இடம், ஓரத்தில் பூட்டிக் கையால் சுற்றும் துருவலை. குசினி வேலை இன்னும் முடியவில்லை. கதிரை மட்டும் முந்தி வந்துவிட்டது. உம்மா அதை விறாந்தையில் போட்டு, வருகிறவர் போகிறவர் பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்.