நஞ்சில்லாத புல்தரை: கோவை வீடுகளில் ஒரு கைத்தொழில்

வீட்டுப் புல்தரையை நஞ்சில்லாமல் வளர்ப்பது பாதி மண்வேலை, பாதி கைவேலை. இந்த இரண்டில் ஒன்று குறையும் இடத்தில்தான் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் உள்ளே நுழைகின்றன. கோவையில் வடவள்ளி, சாய்பாபா காலனி போன்ற பகுதிகளில் வீட்டுத் தோட்ட வேலை செய்பவர்களோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே இது விளங்கிவிடும். ஆண்டுச் சராசரி மழை சுமார் 700 மி.மீ.க்குள் நிற்கும் ஊர் இது. பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. கரிசல் மண் கோடையில் வெடித்து, மழையில் சேறாகும். இங்கே புல் வளர்ப்பவர்களுக்குத் தண்ணீரும் மண்ணும்தான் முதல் கவலை.

புல்லைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிச் செலவு தீர்மானமாகிவிடுகிறது. நாள் முழுக்க வெயில் விழும் முற்றத்துக்கு அருகம்புல் வகைகளே ஏற்றவை. ‘அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துவதில் உள்ள உண்மையை மண்ணைத் தோண்டினால் பார்க்கலாம்: தரைமேல் ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு இரண்டும் கணுவுக்குக் கணு வேர்விட்டிருக்கும். வறட்சியில் மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஆனால் நிழல் ஆகாது. மாமரத்தடியில் அருகு நட்டால் ஓராண்டுக்குள் மண் தெரியும். அரைநிழலுக்கு அகன்ற இலையுள்ள எருமைப்புல் வகை தாங்கும். ‘கொரியன் கிராஸ்’ என்று நர்சரிகளில் விற்பது மெல்லிய இலையும் மெத்தென்ற பரப்பும் கொண்டது. மெதுவாக வளர்வதால் வெட்டு குறைவு, களை பறிக்கும் வேலை அதிகம். வெட்டாமல் விட்டால் மேடுமேடாகத் திரண்டுவிடும். முழு நிழலில் எந்தப் புல்லையும் நடாமல், நிழல் தாங்கும் செடிகளை வைப்பதே நல்லது.

நடுவதற்கு முன் நிலத்தை ஓரடி ஆழம் கொத்தி, கல், வேர், கட்டட இடிபாடு எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு வாரம் ஆறப்போட வேண்டும். மண்ணில் கிடக்கும் களைவிதைகள் அதற்குள் முளைத்துத் தலைகாட்டும். அவற்றை வேரோடு எடுத்த பின்பே மட்கிய தொழுவுரம் கலக்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த இரண்டு வாரத்தை மிச்சம் பிடித்துவிட்டு, பிற்பாடு ஆண்டுக்கணக்கில் களைக்குச் செலவழிக்கிறார்கள். லாரியில் வரும் செம்மண்ணையும் அப்படியே கொட்டக் கூடாது. கோரைக்கிழங்கு பெரும்பாலும் அந்த மண்ணோடுதான் வீட்டுக்குள் வருகிறது. சலித்துப் பார்த்துப் போடும் வேலையாளின் கூலி வீண்செலவு அல்ல. கடைசியாக, வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி 10 அடிக்கு 1 முதல் 2 அங்குலம் சரிவு வைத்து மட்டம் தட்டினால் மழைநீர் தேங்காது.

இப்போது பலரும் சுருட்டிய புல்பத்தைகளை வாங்கி விரிக்கிறார்கள். செலவு குறைவான பழைய முறைகள் இரண்டு உண்டு. ஒன்று, வேர் உள்ள புல்துண்டுகளை 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றுவது. மற்றொன்று, புல்லை இரண்டு மூன்று விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, பச்சைச் சாணம், மண், தண்ணீர் சேர்த்துக் குழைத்து, ஈரமண்ணில் கையால் பூசுவது. பூசிய பின் மேலே மெல்லிய மண்போர்வை, அதன்மேல் வைக்கோல், பூவாளியால் தண்ணீர். சாணம் ஈரத்தைப் பிடித்து வைக்க, ஒவ்வொரு கணுவும் தனிச்செடியாகும். இதில் பக்குவம் முழுவதும் விரல்களில் இருக்கிறது. கனமாகப் பூசினால் தண்டு அழுகும். மெலிதாகப் பூசினால் வெயிலில் கருகும்.

தண்ணீர் விடுவதில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது தினம் ஐந்து நிமிடம் ஹோஸ் பிடிப்பது. மேல்மண் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே நின்றுவிடுகிறது. ஒருநாள் மோட்டார் பழுதானாலும் புல் வாடுகிறது. வேர் இறங்க வேண்டுமானால் ஆழமாக நனைத்து, இடைவெளி விட வேண்டும். எப்போது நனைப்பது என்பதைப் புல்லே சொல்லும். நன்றாக இருக்கும் புல்லை மிதித்தால் உடனே நிமிரும். நீர் குறைந்த புல்லில் கால்தடம் அப்படியே நிற்கும், இலை உள்நோக்கிச் சுருளும், பச்சையில் ஒரு சாம்பல் நிறம் ஏறும். அனுபவமுள்ள தோட்டக்காரர் காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடப்பது இதைப் பார்க்கத்தான். நனைக்க ஏற்ற நேரம் விடியற்காலை. மதியம் விட்டால் பாதி ஆவியாகும். இரவில் விட்டால் இலை விடியும்வரை ஈரமாக இருந்து பூஞ்சணத்துக்கு இடம் தரும்.

கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது 1 லிட்டர். வாரத்துக்கு 25 மி.மீ. என்று வைத்தால் 100 சதுர மீட்டர் புல்தரை 2,500 லிட்டர் குடிக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த வீட்டுக்காரர் பரப்பைக் குறைத்து, குழந்தைகள் விளையாடவும் நாலு பேர் உட்காரவும் வேண்டிய அளவுக்கு மட்டும் புல் வைப்பார். சுற்றுச்சூழலுக்கு அவர் செய்யும் பெரிய உதவி அதுதான். ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். அதைத் தொடர்ந்து புல்லுக்கு விடக் கூடாது.

வெட்டும்போது இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒட்ட வெட்டினால் புல் தன் உணவைத் தயாரிக்கும் பரப்பை இழக்கிறது, வேர் சுருங்குகிறது, வெயில் மண்ணில் நேரே பட்டுக் களைவிதை முளைக்கிறது. வீட்டு அருகுக்கு 3 முதல் 4 செ.மீ. உயரம் போதும். சிறிய பரப்புக்குக் கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டியே தாராளம். பெட்ரோலும் இல்லை, சத்தமும் இல்லை. கத்தி மழுங்கினால் இலை அறுபடாமல் கிழியும். மறுநாள் நுனியெல்லாம் பழுத்துத் தெரியும். வெட்டிய துணுக்குகளை வாரிக் குப்பைக்கு அனுப்பாமல் தரையிலேயே விடலாம். உலர்ந்த துணுக்கில் சுமார் 4 சதவீதம் தழைச்சத்து உண்டு. அது மண்ணுக்கே திரும்புகிறது.

யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். போட்ட சில நாளில் கண்ணைப் பறிக்கும் பச்சை வரும். கூடவே கூடுதல் வெட்டு, கூடுதல் தண்ணீர், நோய்க்கு இளகிய இலை எல்லாம் வரும். மிஞ்சியது மழையோடு கரைந்து நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேரும். மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் மெதுவாகவே சத்தைக் கொடுக்கும். மழைக்காலம் தொடங்குமுன் இறுகிய இடங்களைக் கூர்கம்பியால் 8 முதல் 10 செ.மீ. ஆழம் குத்தி, சலித்த மட்குரமும் மணலும் கலந்து மெலிதாகத் தூவிப் பெருக்கிவிட வேண்டும். குத்திய துளைகள் வழியே காற்றும் நீரும் உள்ளே போகும்.

களைகளில் தொட்டாற்சிணுங்கியும் வெட்டுக்காயப்பூண்டும் ஈரமண்ணில் கையோடு வந்துவிடும். கோரை வராது. அதன் தண்டை விரல்களுக்கிடையில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். புல்லிலிருந்து அதைப் பிரித்தறிய இதுவே வழி. மேலே பிடித்து இழுத்தால் நூல்போன்ற இணைப்பு அறுந்து, கிழங்கு மண்ணிலேயே தங்கி, மறுபடி முளைக்கும். களை எடுக்கும் பெண்கள் முந்தின நாளே நிலத்தை நனைக்கச் சொல்கிறார்கள். குத்துக்காலிட்டு வரிசையாக நகர்ந்து, களைக்கொத்தைச் சாய்வாக இறக்கி நெம்பி, அந்த நூல் அறாமல் கிழங்குச் சரத்தை எடுக்கிறார்கள். கிழங்குகளில் பெரும்பகுதி மேல் 15 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கும். முளைத்த தளிரைக் கிழங்கு மீண்டும் கொழுக்குமுன் இப்படித் தொடர்ந்து எடுத்து வந்தால் கோரை அடங்கும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி கோரையோடு புல்லையும் கொல்லும். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2015-இல் அதை ‘மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற வகையில் சேர்த்தது. 2022 அக்டோபரில் இந்திய அரசு, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது.

வேர்ப்புழுவுக்கும் கறையானுக்கும் ஒரு காலத்தில் ஃபோரேட் என்ற பூச்சிமருந்துக் குருணையை வெறுங்கையால் தூவினார்கள். 2020 டிசம்பர் 31 முதல் அது தடைசெய்யப்பட்டுவிட்டது. திட்டாகப் பழுத்த புல் பாய்போல் கையோடு உரிந்து வந்தால் அடியில் வெள்ளைப் புழு இருக்கும். அதைத் தோண்டிப் பொறுக்கி, அந்த இடத்தில் மட்டும் வேப்பம் புண்ணாக்கோடு புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தை மட்குரத்தில் கலந்து இட்டால் போதும். இலை தின்னும் புழுவுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். மழைக்காலப் பூஞ்சண நோய்க்கு நீர் வடியவிடுவதே முதல் மருந்து. அதற்கடுத்து டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணம்.

இத்தனைக்கும் தேவைப்படுவது நேரமும் அதற்கான கூலியும். மருந்தடிக்க அரை மணி நேரம், கோரை எடுக்க இரண்டு நாள். மருந்தைத் தவிர்க்கும் வீட்டுக்காரர் அந்த இரண்டு நாளின் கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். வெயிலில் குத்துக்காலிட்டே வேலை செய்யும் பெண்களுக்கு முழங்காலும் இடுப்பும் சீக்கிரம் தேய்கின்றன. காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்துவது, குடிநீர், நிழல், உட்கார ஒரு தாழ்ந்த மணைக்கட்டை, கையுறை என்பவை அவர்களுக்குச் செய்யும் தயவு அல்ல, வேலைக்குரிய ஏற்பாடு. நஞ்சில்லாத புல்தரையில் குழந்தை வெறுங்காலோடு ஓடலாம் என்றால், அதை உண்டாக்கியவரின் கையும் நஞ்சு படாமல், வலியில்லாமல் இருக்க வேண்டும்.