பித்தம்பூர் புழுதியில் ஒரு பந்தயம்

இந்தூரில் காலை உணவு போஹாவும் ஜிலேபியும்தான். சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறினால், ஒரு மணி நேரத்தில் பித்தம்பூர். மத்தியப் பிரதேசத்தின் தொழில் நகரம். இங்குள்ள ‘நேட்ராக்ஸ்’ வாகனச் சோதனை மையத்தின் 11.3 கிலோமீட்டர் அதிவேக ஓடுபாதை பிரபலம். நான் போனது அதற்காக அல்ல. மேடும் பள்ளமுமாக வெட்டிப்போட்ட மண்பாதையைப் பார்க்க.

‘பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா’ என்ற பந்தயம் 2007 முதல் நடக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை ஆள் வண்டிகளில் மோதுகிறார்கள். மெக்கானிக்கல் படிக்கும் என் மகளின் குழுவும் வந்திருந்தது. ஓட்டுநரைச் சுற்றியிருக்கும் இரும்புக் குழாய்க் கூண்டுக்குக் கணக்குப் போட்டவள் அவள்தான்.

“வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோன்னு வெச்சுக்கோங்கப்பா. நேரா மோதினா அதைப்போல நாலு மடங்கு, 1,000 கிலோ பாரம் வரும்னு எடுத்துக்கிட்டோம். கம்ப்யூட்டர்ல கூண்டோட மூக்குல அதைக் கொடுத்தா, பாரம் அதிகமாகிற இடம் சிவப்பாத் தெரியும். பக்கவாட்டுல இடிச்சா, தலைகீழாக் கவிழ்ந்தா... ஒவ்வொண்ணுக்கும் தனிக் கணக்கு.”

“சிவப்பு வந்தா இன்னொரு குழாய் வைக்க வேண்டியதுதானே?”

“எடை கூடுமே! எஞ்சின் 10 குதிரைத்திறன்தான்.”

கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: “வெல்டிங் எல்லா இடத்துலயும் சரியா இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பிக்குதுப்பா. பத்த வெச்சது நாங்கதானே.”

அதனால்தான் பந்தயத்துக்கு முன்பே கூண்டைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள் நடுவர்கள். ஆபத்து வந்தால் ஓட்டுநர் 5 நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதையும் செய்து காட்டச் சொல்கிறார்கள்.

கடைசிச் சுற்று 4 மணி நேர ஓட்டம். புழுதியில் எந்த வண்டி யாருடையது என்றே தெரியவில்லை. எங்கள் வண்டியை ஓட்டிய பையனின் அம்மா என் பக்கத்தில் நின்றார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் திறக்கவே இல்லை.

இரண்டாவது மணி நேரத்தில் ஒரு மேட்டில் எகிறிய வண்டி, சாய்ந்து, தலைகீழாகக் கவிழ்ந்தது. என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். கணக்கு அவளுடையது, உள்ளே இருப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளை.

மார்ஷல்கள் ஓடுவதற்குள் பையன் ஊர்ந்து வெளியே வந்து கையசைத்தான்.

வண்டி திரும்பியதும் மகள் ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தாள். மேல்குழாயில் சிராய்ப்பு, ஒரு பற்றும் விடவில்லை. அந்த அம்மா வந்து, “நீதான் கணக்குப் போட்டியாம்மா?” என்று கேட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. இரவு இந்தூர் சராஃபா கடைவீதியில், பல வாரங்களுக்குப் பிறகு என் மகள் வயிறாரச் சாப்பிட்டாள்.