217, 237, 42, அப்புறம் ஒன்று

போன மாதம் மாணவர்களுக்கு நாங்கள் நடத்திய இரண்டு நாள் பயிற்சி முகாமில், முதல் நாள் இரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் ஒரு படம் போட்டார்கள். ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்'. படம் முடிந்து எல்லோரும் பாயை விரித்துக்கொண்டிருக்கும்போது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி செல்போனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அந்த ரூம் நம்பர் 237 இல்ல? ரெண்டை மூணால பெருக்குனா ஆறு. ஆறேழு நாப்பத்திரண்டு. அந்தப் பையன் சட்டையிலயும் 42தான் போட்டிருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கணக்கை, இதே பரவசத்தோடு எம்.ஏ. வகுப்புக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொலராடோ மலையில், குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் ஒரு பெரிய ஓட்டல். அதைப் பார்த்துக்கொள்ள மனைவியோடும் சிறு மகனோடும் வந்து தங்கும் ஜாக் என்பவன், மெல்ல மெல்லப் புத்தி பேதலித்துக் கோடாரியைத் தூக்குகிறான். ஸ்டீபன் கிங் 1977இல் எழுதிய நாவல் இது. குப்ரிக்கின் படம் 1980இல் வந்தது. நாவலில் பேய் இருக்கும் அறையின் எண் 217. 1974இல் கொலராடோவின் ஸ்டான்லி ஓட்டலில் கிங் தங்கிய அறையின் எண்ணும் அதுதான். படத்தில் அது 237 ஆகிவிட்டது.

ஏன் மாற்றினார் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனை கட்டுரைகள், எத்தனை காணொளிகள்! 2012இல் 'ரூம் 237' என்று ஒரு ஆவணப்படமே வந்தது. பெருக்கினால் 42, எனவே 1942, எனவே யூத இன அழிப்பு என்கிறார்கள் சிலர். அந்தப் பையனும் அம்மாவும் டிவியில் பார்ப்பதும் 'சம்மர் ஆஃப் 42' என்ற படம்தான். நிலாவுக்கு 2,37,000 மைல், ஆகவே நிலவில் இறங்கிய காட்சியைப் படமாக்கிக் கொடுத்தவரே குப்ரிக்தான் என்கிறார்கள் வேறு சிலர். நிலாவின் சராசரித் தூரம் கிட்டத்தட்ட 2,39,000 மைல். கணக்கு உதைத்தாலும் அவர்கள் கவலைப்படுவதில்லை. பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டிப் போட்டால் படம் ஓடும் என்று நம்புகிற சினிமா ஊரில் வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை.

எண்ணை மாற்றியதற்குச் சொல்லப்படும் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஓட்டலின் வெளிப்புறக் காட்சிகளுக்கு ஓரிகன் மாநிலத்தின் டிம்பர்லைன் லாட்ஜைப் பயன்படுத்தினார்கள். அங்கே 217 என்று ஒரு அறை உண்மையிலேயே இருந்தது. படம் வந்த பிறகு யாரும் அதில் தங்கமாட்டார்கள் என்று நிர்வாகம் பயந்து, இல்லாத ஒரு எண்ணைப் போடச் சொன்னது. இப்போது அங்கே வருகிறவர்கள் அதிகமாகக் கேட்பது 217ஐத்தான் என்பது தனிக் கதை.

எம்.ஏ. கருத்தரங்கில் நான் இந்தக் காரணத்தைச் சொல்லவே இல்லை. 42ஐப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. எல்லாம் முடிந்த பிறகு எங்கள் ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தப் படத்துல ஜாக் எத்தனை பேரைக் கொல்றான்மா?"

யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. ஒருவரை.

ஹாலரன், ஓட்டலின் சமையல்காரர், கறுப்பினத்தவர். குழந்தைக்கு ஆபத்து என்று உணர்ந்து ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பி, பனிப்புயலைத் தாண்டி வந்து சேர்கிறார். உள்ளே நுழைந்து கொஞ்ச தூரம் நடப்பதற்குள் நெஞ்சில் கோடாரி இறங்குகிறது. அதற்கு முன்பே, கழிவறையில் நின்றுகொண்டு பேய் ஒன்று அவரை இனவசையால் குறிப்பிட்டு, வெளியாள் ஒருவன் வருகிறான் என்று ஜாக்கை எச்சரிக்கிறது. நாவலில் ஹாலரன் சாவதில்லை. தாயையும் பிள்ளையையும் அங்கிருந்து வெளியே கொண்டுபோவதே அவர்தான். நாவலிலிருந்து படத்துக்கு வரும்போது ஒரு அறையின் எண் மாறியது, ஒரு கறுப்பு மனிதரின் உயிர் போனது. நான் எண்ணுக்கு அரை மணி நேரம் கொடுத்தேன். அந்த மனிதருக்கு என் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நானே சேரியிலிருந்து வந்தவள் என்பதால் அன்று இரவு அது ரொம்பவே உறுத்தியது.

அதற்குப் பிறகு வேறொரு வாசிப்புக்குத் தாவினேன். பில் பிளேக்மோர் என்ற பத்திரிகையாளர் 1987இல் எழுதியது: இந்தப் படம் அமெரிக்கப் பூர்வகுடிகளின் படுகொலையைப் பற்றியது என்று. சாமான் அறையில் அடுக்கியிருக்கும் கேலுமெட் பேக்கிங் பவுடர் டப்பாவில் உள்ள பூர்வகுடித் தலைவரின் முகத்தை அவர் சுட்டிக்காட்டினார். "இதுதான் நம்ம வாசிப்பு" என்று எனக்கு ஒரே உற்சாகம். ஆனால் டப்பாவைத் துருவ வேண்டிய அவசியமே இல்லை. படத்தின் தொடக்கத்திலேயே மேலாளர் நடந்துகொண்டே சொல்கிறார்: இது பூர்வகுடிகளின் இடுகாடு என்கிறார்கள், 1907இல் கட்ட ஆரம்பித்தபோது தாக்க வந்தவர்களை விரட்ட வேண்டியிருந்தது என்று. நாவலில் இந்த இடுகாடு கிடையாது. படத்தில் சேர்த்ததுதான், அதுவும் போகிற போக்கில். சுவரிலெல்லாம் நவாஹோ, அப்பாச்சி வடிவங்கள். மொத்தப் படத்திலும் பூர்வகுடிப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. அதே கொலராடோவில், சாண்ட் கிரீக்கில், 1864 நவம்பர் 29 அன்று ஷையான், அரபாஹோ மக்களைப் படை கொன்று குவித்தது. சுமார் 230 பேர். பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். 1881இல் யூட் மக்களில் பெரும்பாலோரை மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். இதற்குப் பெருக்கலும் வேண்டாம், கூட்டலும் வேண்டாம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, எங்கள் கதையையும் சொன்னேன். நாங்கள் வேலை செய்யும் ஒரு காலனியின் இடுகாட்டில் பாதிக்குமேல் இப்போது ஒரு கல்யாண மண்டபம். யாருடைய பினாமி, எந்தக் கட்சிக்காரர், எந்தப் பத்திரத்தில் என்ன சதி என்று துப்பறிவதிலேயே எட்டு மாதத்தை ஓட்டினோம். நானும்தான். கடைசியில் கிராம 'அ' பதிவேட்டின் நகலைப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தால், ஆதிதிராவிடர் மயானம் என்று நேராக எழுதியிருக்கிறது, புல எண்ணோடு, பரப்போடு. யாரும் எதையும் மறைத்து வைக்கவில்லை. மண்டபம் கட்டியவர்களுக்கும் தெரியும், அனுமதி கொடுத்தவர்களுக்கும் தெரியும். கேட்க ஆள் வராது என்று இருந்துவிட்டார்கள்.

அந்தக் காலனிப் பாட்டி ஒருவர் மண்டபத்துச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு எனக்குக் கையைக் காட்டினார். "அங்க பந்தி போடுறாங்க பாரு, அதுக்குக் கீழதான் என் ரெண்டு புள்ளைங்களும்."

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு செல்போனை அணைத்துவிட்டு, "'அ' பதிவேடு நகல் எங்கக்கா கேக்கணும்? எங்க ஊர்லயும் பாதை பிரச்சினை இருக்கு" என்றான். விண்ணப்பம் எழுதும் விதத்தை மறுநாள் காலை எல்லோருக்குமே சொல்லிக்கொடுத்தோம். மண்டப வழக்கின் அடுத்த விசாரணை வரும் புதன்கிழமை. பாட்டியும் வருகிறார்.