நடுப்படி உடைந்த ஏணி

2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 7,000 பேர். பொறியியல் படித்தவர்கள், பட்டதாரிகள், டிப்ளமோ முடித்தவர்கள் என்று பலரும் அதில் உண்டு. "இவ்வளவு படிச்சுட்டு இந்த வேலைக்கா?" என்று உச்சுக் கொட்டியவர்கள்தான் அதிகம். சரி, இவர்கள் படிப்புக்கான வேலை எங்கே போனது?

2003-ல் டேவிட் ஆட்டர், ஃபிராங்க் லெவி, ரிச்சர்ட் மர்னேன் என்ற மூன்று பேராசிரியர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்குப் பாதி பதில் சொல்கிறது. படித்தவர் வேலையா, படிக்காதவர் வேலையா என்று கணினி பார்ப்பதில்லை. படிப்படியாக விதி எழுதிவிட முடிகிற வேலையா என்றுதான் பார்க்கிறது. பேரேட்டில் கூட்டிக் கழிப்பது, தட்டச்சு, அச்சுக் கோர்ப்பது... எல்லாம் விதிக்குள் அடங்குபவை. அதனால் முதலில் அவைதான் போயின. சாக்கடை அடைப்பெடுப்பதற்கும் முதியவரைக் குளிப்பாட்டுவதற்கும் அப்படி விதி எழுதுவது கடினம்.

ஒரு காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் இருந்தால் ஒரு குடும்பம் நடுத்தர வர்க்கத்துக்குள் நுழைந்துவிடலாம். அந்த நடுப்படிதான் உடைந்தது.

மீதிப் பதில் நம்மூர்க் கதை. 2010-களில் தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருந்தன. பட்டங்கள் பெருகின, அதே வேகத்தில் வேலைகள் பெருகவில்லை. அந்த மாநகராட்சி வேலைக்கு 2019-ல் தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய், அதுவும் நிரந்தரம். அதைவிடக் குறைவாகத் தனியாரிடம் வாங்கும் பொறியாளர் இதற்கு வருவதில் என்ன ஆச்சரியம்?

மேலிருந்து ஒருவர் இறங்கினால் கீழே இருப்பவர் எங்கே போவார்? அமெரிக்காவில் 2000-க்குப் பிறகு இதுவே நடந்தது என்று போட்ரி, கிரீன், சாண்ட் ஆகிய மூவர் 2013-ல் எழுதினார்கள். பட்டதாரிகள் ஒரு படி இறங்க, குறைவாகப் படித்தவர்கள் இன்னும் கீழே தள்ளப்பட்டார்கள். கோவை வரிசையிலும் பல ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளிகளாகக் குப்பை அள்ளியவர்கள் நின்றார்கள்.

இப்படி ஆகும்போது பட்டம் என்பது வரிசையில் முன்னால் நிற்க ஒரு டோக்கன், அவ்வளவுதான். எல்லோரும் டோக்கன் வாங்கினால் வரிசைதான் நீளும், கவுன்டர் கூடாது. "இன்னும் படி, இன்னும் படி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள், படிக்க வசதியில்லாதவருக்கு எந்தப் படியை விட்டுவைக்கப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.