எங்கள் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள்?

எங்கள் கிராமத்துக் கல்லூரியின் பெண்கள் கரப்பந்தாட்ட அணி சென்ற ஆண்டு மாகாண மட்டம் வரை போனது. இந்த ஆண்டு வலய மட்டத்திலேயே தடுமாறுகிறது. "இப்பத்தைப் பிள்ளையளுக்கு அக்கறை இல்லை" என்று ஊரில் கதைக்கிறார்கள். என் மகளும் அந்த அணியில் விளையாடுகிறாள். நானும் 1980களில் பாடசாலை அணியில் விளையாடியவள். அந்த உரிமையோடு இதைப் பற்றிச் சகோதரிகளுடன் கொஞ்சம் கதைக்க விரும்புகிறேன்.

கரப்பந்தாட்டம் 1916 இல் இலங்கைக்கு வந்தது. 1991 இல் எங்கள் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. ஒரு பந்தும் ஒரு வலையும் போதும் என்பதால் ஏழைக் கிராமங்களிலும் இது வேரூன்றியது. ஆனால் ஒருத்தியின் திறமையால் மட்டும் இதில் வெல்ல முடியாது. மூன்று தொடுகைக்குள் பந்து வலையைத் தாண்ட வேண்டும். ஒருத்தி பெறுவாள், அடுத்தவள் உயர்த்திக் கொடுப்பாள், மூன்றாமவள் அறைவாள்.

எங்கள் காலத்தில் பந்தைப் பணிக்கும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். எதிரணி பணித்த பந்தை அறையும்போது வெளியே போனாலும் சரி, அவர்களுக்குப் பணிப்பு தொடருமே தவிர... என்று சமாளிக்க இடமில்லை, அவர்களுக்குப் புள்ளிதான். ஆனால் நாங்கள் பணிக்கும்போது விடும் பிழைக்குப் பணிப்பு மட்டும் கைமாறும், புள்ளி போகாது. 1990களின் இறுதியில் இந்த விதி மாறியது. இப்போது யார் பணித்தாலும் ஒவ்வொரு பிழையும் எதிரணிக்கு ஒரு புள்ளி. 25 புள்ளியில் ஒரு சுற்று முடிந்துவிடும். பந்தைச் சரியாகப் பெறத் தெரியாத அணி மூச்சு விடுவதற்குள் பின்தங்கிவிடும். எங்கள் பிள்ளைகள் தோற்பது அந்த இடத்தில்தான்.

பந்தைப் பெறுவதும் உயர்த்துவதும் சேர்ந்து பழகினால்தான் வரும். சென்ற ஆண்டு பந்தை உயர்த்திக் கொடுத்த பிள்ளை உயர்தரப் பரீட்சை முடிந்ததும் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் தம்பிமார் இருவர் படிக்கிறார்கள், அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுடைய இடத்துக்கு வந்தவளுக்குக் கை நல்ல பதம். ஆனால் யாருக்கு எவ்வளவு உயரத்தில் பந்து வேண்டும் என்பதை அறிய மாதக் கணக்கில் பயிற்சி வேண்டும். பயிற்சி தந்த ஆசிரியையும் இடமாற்றம் பெற்றுப் போனார். இப்போது கணித ஆசிரியர் ஒருவர் தன் நேரத்தைக் கொடுத்து நிற்கிறார்.

எல்லாவற்றிலும் பெரிய குறை நேரம். பாடசாலை விட்டால் ரியூசன், ரியூசன் முடிந்தால் கடைசி பஸ். எங்கள் பகுதியில் பல வீடுகளைத் தாய்மாரே தனியாக நடத்துகிறோம். கூலி வேலைக்குப் போய், நுண்கடனும் கட்டி, இருட்டின பிறகு வீட்டுக்கு வருகிறோம். தண்ணீர் அள்ளுவதும் சோறு வைப்பதும் தங்கச்சியைப் பார்ப்பதும் மூத்த பெண் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. அதோடு, "குமர்ப்பிள்ளை இருட்டுக்குள்ளே எங்கே போய் வாறாள்?" என்ற கதை வேறு. ஆறு பேரும் ஒன்றாக மைதானத்தில் நின்ற நாட்கள் இந்தத் தவணையில் மிகக் குறைவு. வெறும் வயிற்றோடு வருபவர்களும் உண்டு.

இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி 2009 இல் செட்டிகுளம் முகாமில் பிறந்தவள். அவளுடைய தாய்க்குப் பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்த காலம் அது. இன்று அந்தப் பிள்ளை வலைக்கு மேலே துள்ளிப் பந்தை அறைகிறாள்.

சென்ற மாதம் தாய்மார் சிலர் கூடிக் கதைத்தோம். கிழமையில் மூன்று நாள் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளை வீட்டு வேலையிலிருந்து விடுவதென்று முடிவெடுத்தோம். முறை வைத்து ஒருவர் கௌபி அவித்துக் கொண்டுபோகிறோம். பயிற்சி முடிய அவரே பிள்ளைகளை வீடுவரை கூட்டிவருகிறார். காவலுக்கு ஒரு தாய் நிற்பதால் ஊர்க்கதையும் குறைந்திருக்கிறது.

அணி இன்னும் வெல்லவில்லை. போன போட்டியிலும் தோற்றார்கள், ஆனால் கடைசிச் சுற்றில் 22 புள்ளி வரை இழுத்தார்கள்.

சகோதரிகளே, உங்கள் ஊர் அணி தோற்றால் பிள்ளைகளை ஏசுவதற்கு முன் அவர்களுக்குப் பழக எத்தனை மணித்தியாலம் கிடைத்தது என்று கேளுங்கள். பந்து வாங்கிக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். அந்த ஒரு மணித்தியாலத்தை நாங்கள் சேர்ந்தால் கொடுக்கலாம்.