அத்தையின் நெகட்டிவ்

சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு மேல் எங்கள் வீட்டு மாடி பாத்ரூமை யாரும் பயன்படுத்த முடியாது. வென்டிலேட்டரில் கறுப்பு சார்ட் ஒட்டி, கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்து, வாஷிங் மெஷின் மேல் என்லார்ஜரை ஏற்றி வைத்திருப்பேன். இரண்டு பக்கெட்டுகளைக் கவிழ்த்து, மேலே ஒரு பலகை, அதில் மூன்று ட்ரே. டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர். அம்மா சொந்தக்காரர்களிடம், "உள்ள கஷாயம் காய்ச்சுறான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். 36 வயதில், ஐ.டி. வேலையில் இருப்பவன், வாரக் கடைசியில் பாத்ரூமில் தாளிட்டுக்கொண்டு என்ன செய்கிறான் என்பதற்கு அவளுக்கும் ஒரு பதில் வேண்டுமல்லவா.

வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் பக்கம். டார்க்ரூமுக்கு இதைவிட மோசமான ஊரைத் தேட வேண்டும். கெமிக்கல் பாக்கெட்டுகளில் எல்லாம் 20 டிகிரி என்று அச்சடித்திருப்பார்கள். மே மாதத்தில் எங்கள் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் கையை வைக்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமையே ஃப்ரீசரில் மாவு டப்பாவை நகர்த்திவிட்டு நான்கு பாட்டில் தண்ணீரை உறையப் போடுவேன். ட்ரேயைப் பெரிய ட்ரேக்குள் வைத்து, சுற்றிலும் அந்த பாட்டில்கள். போர் தண்ணீர் உப்பு, கூடவே பழுப்பு. கெமிக்கல் கலக்கக் கேன் தண்ணீர்தான். இந்த மாநிலத்தில் புகைப்படத்துக்கு ஏற்ற தட்பவெப்பம் எங்கே இருக்கிறது என்று யோசித்தவர்கள் நேராக மலையேறிவிட்டார்கள். 1960-இல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் தயாரித்தது. 1996-இல் அதை நலிந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள். இப்போது நான் வாங்கும் இல்ஃபோர்ட் தாள் இங்கிலாந்திலிருந்து வருகிறது. ஒவ்வொரு தாளும் கெடும்போது மனசுக்குள் ரூபாய்க் கணக்கு ஓடும்.

வெள்ளைத் தாளில் உருவம் மெல்ல மெல்ல எழுவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது அற்புதம்தான், விடுங்கள். எனக்கு இன்றுவரை பழகாத விஷயம் வேறு. இங்கே வெளிச்சம் கூடினால் கறுக்கும். என்லார்ஜரில் நெகட்டிவை வைத்து, தாளின் மேல் 5 விநாடி வெளிச்சம் விட்டால் முகம் வெளுப்பாக வரும். 20 விநாடி விட்டால் கறுப்பாக வரும். ஒரு முகம் எவ்வளவு கறுப்பு என்பதை நெகட்டிவ் முடிவு செய்வதில்லை. சுவிட்சில் விரலை வைத்திருப்பவன் முடிவு செய்கிறான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தாளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. நீலமும் பச்சையும்தான் அதன் மேல் பதியும். அதனால்தான் டார்க்ரூமில் சிவப்பு விளக்கு. ஆனால் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ட்ரேயில் கிடக்கும் படம் உள்ளதைவிடக் கறுப்பாகத் தெரியும். புதிதாக வருபவர்கள் பயந்துபோய் அவசரமாக வெளியே எடுத்துவிடுவார்கள். டியூப்லைட்டில் பார்த்தால் ஆள் சாம்பல் பூசியதுபோல வெளிறிக் கிடப்பார். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் எல்லோரையும் வெளிற அடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தையின் நெகட்டிவ் கிடைத்தது போன வருஷம். பரணில் ஜாதகங்கள் வைத்திருந்த மஞ்சள் பை. 2015 டிசம்பரில் முடிச்சூரில் வெள்ளம் வந்தபோது கீழ்த்தளத்தில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. பரணில் இருந்த பை தப்பியது. அதற்குள் பட்டர் பேப்பர் உறையில் 6க்கு 6 சென்டிமீட்டரில் ஒற்றை நெகட்டிவ்.

பொதுவாக ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவைக் கொடுக்க மாட்டார்கள். காப்பி வேண்டுமானால் நாம் திரும்ப அவர்களிடம்தான் போக வேண்டும், அதில்தான் அவர்கள் பிழைப்பு. கடையை மூடும்போது அந்த நெகட்டிவ்களை மூட்டை கட்டி, அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டவர்கள் உண்டு. நம் ஊர் முகங்களில் பாதி அப்படித்தான் போயின. தாத்தா ரயில்வேயில் இருந்தவர், எதையும் கணக்குப் பார்த்துச் செய்கிறவர். 1979-இல் அத்தைக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது, எத்தனை தரகர், எத்தனை காப்பி என்று கணக்குப் போட்டு, கூடுதலாகப் பணம் கொடுத்து நெகட்டிவையே வாங்கி வந்திருக்கிறார்.

அந்தப் படத்தின் ஒரு பிரிண்ட் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. வெள்ளம் வந்தபோது தண்ணீருக்கு ஒரு ஜாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தோள் வரைக்கும்தான் இருக்கும். நிலா மாதிரி வெளுத்த முகம், ஜிமிக்கி, ஒரு பக்கம் முன்னால் விட்ட பின்னல். சின்ன வயதில் அது அத்தை என்று எனக்குத் தெரியாது. ஏதோ பழைய நடிகை என்று நினைத்திருந்தேன். ஏனென்றால் என் அத்தை கறுப்பு. நல்ல, திட்டவட்டமான கறுப்பு.

அந்தப் படத்தைப் பற்றி அத்தையிடம் ஒரு கதை உண்டு. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து உட்கார்ந்திருக்கும்போது அவளே சொல்லுவாள்.

"மாப்பிள்ளையோட அம்மா போட்டோவைக் கையிலயே எடுத்துட்டு வந்திருந்தாங்க. என்னைப் பாத்தாங்க. போட்டோவைப் பாத்தாங்க. 'இது இவங்க அக்காவா?'ன்னு கேட்டாங்க. எனக்கு ஏதுடா அக்கா? பஜ்ஜியை மட்டும் மிச்சம் வைக்காம சாப்பிட்டுட்டுப் போனாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதே மாதிரி மூன்று இடம். பிறகு தட்டச்சு பாஸ் செய்து, அரசு அலுவலகத்தில் சேர்ந்து, 58 வயதில் ஓய்வு பெற்று, இப்போது 67 வயதில் எங்களோடுதான் இருக்கிறாள். கல்யாணம் ஆகாததற்கு அந்தப் படம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அவளும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது கைகள். ஹாலில் இருக்கும் பிரிண்டில் கைகளே கிடையாது, வெட்டிவிட்டார்கள். நெகட்டிவில் மடியில் இரண்டு கையும், நடுவில் இறுக்கிப் பிடித்த கைக்குட்டையும் இருந்தன. இரண்டாவதாகக் கண்ணில் பட்டது முகத்தின் மேல் ஒரு இளஞ்சிவப்புத் திட்டு. பூஞ்சை என்று நினைத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அது கண்ணை விட்டுவிட்டு, உதட்டை விட்டுவிட்டு, நெற்றியில் முடி தொடங்கும் கோட்டில் கச்சிதமாக நின்றது. பூஞ்சைக்கு அவ்வளவு நிதானம் கிடையாது.

பழைய ரீடச்சிங் கையேடுகளில் இது இருக்கிறது. நியூ காக்சின் என்று ஒரு சிவப்புச் சாயம். தண்ணீரில் மிகவும் நீர்க்கக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் நெகட்டிவில் வேண்டிய இடத்தில் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. தாளுக்குச் சிவப்பு தெரியாதல்லவா? சாயம் பூசிய இடத்தில் வெளிச்சம் குறைவாகவே தாளில் இறங்கும். அந்த இடம் வெளுப்பாக வரும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊரில் வெளுப்பாக இருந்தால் 'வெள்ளை' என்று சொல்ல மாட்டோம், 'சிவப்பா இருக்கா' என்போம். அல்லது 'நல்ல கலர்' என்போம். தாத்தா அந்த ஸ்டுடியோவில் நின்று, "கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க" என்று சொல்லியிருப்பார். கறுப்பு வெள்ளைப் படத்தில் கலர். அந்த மனிதரும் ஒரு மதியம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, அத்தையின் கன்னத்தில் நிஜமாகவே சிவப்பைப் பூசி, அவளைச் சிவப்பாக்கிக் கொடுத்திருக்கிறார். நல்ல கைவேலை. பிரஷ் ஓரிடத்தில்கூட வழியவில்லை. பெண்ணைப் பெற்றவருக்கு உதவி செய்கிறோம் என்றுதான் செய்திருப்பார்.

கோடாக் கம்பெனி 1950-களிலிருந்து லேப்களுக்கு அனுப்பிய 'ஷர்லி' அட்டையைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தை வைத்து, அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று மெஷினை அமைப்பார்கள். கறுப்பர்களின் முகம் இருட்டில் அமுங்கிப்போனது. நானும் படித்துக் கோபப்பட்டு நாலு பேருக்கு லிங்க் அனுப்பியவன்தான். எங்கள் வீட்டு நெகட்டிவில் எந்தக் கம்பெனியும் கை வைக்கவில்லை. இது நாமே காசு கொடுத்துச் செய்துகொண்டது.

அந்தச் சாயம் தண்ணீரில் கரையும். கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் போதும்.

என் வேலையில் எதையும் அழிப்பது கிடையாது. எந்த மாற்றத்தைச் செய்தாலும் முந்தைய வெர்ஷன் பத்திரமாக இருக்கும். இந்த நெகட்டிவையும் அப்படியே ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் சேமித்துவிட்டேன். இருந்தாலும் என்னால் அதைத் தண்ணீரில் போட முடியவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, ஒருநாள் சீரியல் விளம்பர இடைவேளையில் அத்தையிடம் நெகட்டிவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"கழுவினா போயிடுமா?"

"போயிடும் அத்தை."

"மறுபடி பூச முடியுமா?"

"எனக்கு அந்த வேலை தெரியாது. இப்ப யாருக்கும் தெரியுமான்னும் தெரியல."

சீரியல் மறுபடி தொடங்கிவிட்டது. அவள் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் எழுந்து போய்விட்டேன். பத்து நாள் கழித்து, கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அதைக் கழுவிட்டியா?"

"இல்ல அத்தை."

"கழுவு. அதுல என்ன இருக்குன்னு பாப்போம்."

40 வருஷம் தாண்டிய ஜெலட்டின். வெதுவெதுப்பான தண்ணீரில் இளகி உரிந்துகொண்டு வந்துவிடும். கேன் தண்ணீரை ஐஸ் பாட்டிலால் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் தட்டில் ஊற்றி, நெகட்டிவை இறக்கினேன். ஐந்து நிமிஷத்தில் தண்ணீரில் ரோஜா நிறம் மெல்லிய நூலாகப் பிரிந்தது. தண்ணீரை மூன்று தடவை மாற்றினேன். தாடையோரம் ஒரு சின்ன இடத்தில் மட்டும் சாயம் போக மறுத்தது. அதோடு விட்டுவிட்டேன். கிளிப்பில் மாட்டி ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, ஒரு தாளை ஐந்து துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முகமும் கையும் விழும்படி வைத்து, 8, 11, 16, 22, 32 விநாடி என்று வெளிச்சம் விட்டேன். இரண்டு இரண்டு விநாடியாகக் கூட்டினால் கண்ணுக்கு வித்தியாசம் ஒரே சீராகத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே விகிதத்தில், சுமார் 1.4 மடங்கு, கூட்ட வேண்டும். ஐந்தையும் ஃபிக்ஸரில் போட்டு எடுத்து, டியூப்லைட்டைப் போட்டேன்.

ஐந்து அத்தைகள். சாயத்துக்குக் கீழே இவ்வளவு இருந்திருக்கிறது. வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு, கன்னத்தில் இரண்டு பரு, இறுகிய தாடை. ஹால் படத்தில் இருப்பவள் எதையோ நினைத்துக் கனவு காண்பவள்போல இருப்பாள். இவள் அப்படி இல்லை. கைக்குட்டையை ஏன் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று இந்த முகத்தைப் பார்த்தால் புரிந்தது. சீக்கிரம் எடுத்துத் தொலையுங்கள் என்று கேமராக்காரரை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

பெரிய பிரிண்ட் போட வேண்டும். என் விரல் டைமரை 11-க்குத் திருப்பியது. ஏன் 11 என்று என்னையே கேட்டுக்கொண்டேன். 'நல்லா இருக்கும்' என்று உள்ளிருந்து பதில் வந்தது. தாத்தா கேட்டதும் அதையேதான். ஷர்லி அட்டைக்குக் கோபப்பட்டு லிங்க் அனுப்பியவன், நள்ளிரவில், யாரும் பார்க்காத பாத்ரூமில், தன் அத்தையை அரை ஸ்டாப் வெளுப்பாக்கப் பார்க்கிறான். விளக்கை அணைத்துவிட்டுக் கவிழ்த்த பக்கெட்டின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று பெரிய பிரிண்ட் எதுவும் போடவில்லை.

காலையில் ஐந்து துண்டுகளையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"இந்த ஜாக்கெட் நீலம்டா. கழுத்து சரியா தைக்கலைன்னு அன்னிக்குக் காலையில ஒரே சண்டை." பிறகு தாடையோரம் வெளுப்பாக இருந்த இடத்தைத் தொட்டாள். "இதென்ன?"

"அங்க மட்டும் சாயம் போகல அத்தை."

"குட்டிக்குரா பவுடர் மாதிரி இருக்கு. அன்னிக்கு நான் பவுடரே போடலடா. உங்க பாட்டி டப்பாவைத் தூக்கிட்டுப் பின்னாலயே வந்தாங்க. நான் போட்டுக்க மாட்டேன்னுட்டேன்."

இதை அவள் எந்தக் கல்யாண வீட்டிலும் சொன்னதில்லை.

ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தாள். 16 விநாடித் துண்டை மேஜையில் வைத்து, படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். தோல் சுருங்கி, நரம்பு தெரியும் கை.

"இதுல போடு."

"சரி அத்தை. ஹால்ல இருக்கறதை எடுத்துட்டு இதை மாட்டிடலாமா?"

"அதை ஏன் எடுக்கணும்? அது உங்க தாத்தா ஆசைப்பட்டு மாட்டினது. அது அங்கயே இருக்கட்டும்."

"அப்ப இது?"

"எனக்குக் குடு. என் பீரோவில வச்சுக்கறேன்."

அந்த வாரம் 16 விநாடியில் 8க்கு 10 அளவில் போட்டேன். முதல் தாளில் கைரேகை விழுந்துவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. கழுவிக்கொண்டிருக்கும்போது அம்மா கதவைத் தட்டினாள். காலை ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போக வேண்டுமாம், கீழ் பாத்ரூமில் தண்ணீர் வரவில்லையாம். பிரிண்டைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, ட்ரேக்களை அடுக்கி, தரையைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தேன்.