பூவுக்கு இடம் சொன்ன குதிரை

ஸ்டீஃபன்வில் ஊரைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மெஸ்கீட் புதர்கள். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி முறை. அவற்றுக்கு நடுவே தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை. கதவைத் திறந்ததும் வந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். திண்டுக்கல் பேகம்பூரின் தோல் ஷாப்புகளைக் கடந்து பள்ளிக்கூடம் போனவள் நான். பச்சைத்தோலின் நாற்றம் வேறு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறி இறங்கிப் பதப்பட்ட தோலின் வாசனை வேறு. இந்த டெக்சஸ் பட்டறைத் தோல் வேறு ஏதோ மரத்தின் பட்டைச் சாறு குடித்தது. ஆனாலும் மூக்குக்கு உறவு தெரிந்தது.

என் தங்கையும் அவள் மகளும் என்னோடு வந்திருந்தார்கள். பின்னால் டிரெய்லரில் மைனா நின்றிருந்தது. மைனா பதினோரு வயதுப் பெண்குதிரை, குவார்ட்டர் இனம், செம்பழுப்பு நிறம். அதன் மேல்தான் பதினாறு வயதுத் தங்கை மகள் மூன்று வருடமாக பேரல் ரேசிங் பழகுகிறாள். மண் அரங்கில் மூன்று 55 காலன் டிரம்களை முக்கோணமாக வைத்திருப்பார்கள். முதல் இரண்டுக்கும் நடுவே 90 அடி. மூன்றாவது அவை ஒவ்வொன்றிலிருந்தும் 105 அடி. குதிரை பாய்ந்து வந்து மூன்றையும் சுற்றிவிட்டு வந்த வழியே பறந்து வெளியேற வேண்டும். பதினேழு பதினெட்டு விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். ஒரு டிரம் சாய்ந்தாலும் 5 விநாடி கூட்டுவார்கள். விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் பரிசு கைமாறுகிற ஆட்டத்தில், 5 விநாடி என்றால் வீட்டுக்குக் கிளம்பலாம் என்று பொருள்.

இந்த ஆட்டம் அலங்காரத்தோடு பிறந்தது. 1931இல் டெக்சஸின் ஸ்டாம்ஃபோர்டு ஊர் மாட்டுக்காரர் திருவிழாவுக்குப் பெண்களை அழைத்தபோது, குதிரையோட்டும் திறமைக்கு மட்டும் மதிப்பெண் கொடுக்கவில்லை. உடுப்பின் அழகும் கணக்கில் சேர்ந்தது. 1948இல் சான் ஆஞ்சலோ நகரில் 38 பெண்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் டபிள்யூ.பி.ஆர்.ஏ. இப்போது கடிகாரம் ஒன்றுதான் நடுவர். ஆனால் அழகின் மேலிருந்த ஆசை போகவில்லை. அரங்க வாசலில் காத்து நிற்கும் குதிரைகளைப் பார்த்தால் தேர்த்திருவிழா நினைவு வரும். நீலக்கல், வெள்ளிப் பொத்தான், கண்ணாடிக்கல், சாயம் தீட்டிய சூரியகாந்தி, மார்பில் தோல் குஞ்சம். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். நாமும் மாட்டுக்கொம்புக்கு வண்ணம் பூசிச் சலங்கை கட்டி அழகு பார்க்கிறவர்கள்தானே.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் அந்த ஆசையில் பட்ட அடி. போன வருடம் தங்கை ஒரு சேணம் வாங்கிக் கொடுத்தாள். படத்தைப் பார்த்து, விலை மலிவு என்று இணையத்தில் வாங்கியது. முழுக்க ரோஜா செதுக்கல், ஓரமெல்லாம் கண்ணாடிக்கல். நான்கு மாதத்தில் மைனாவின் தோள்மேட்டுக்கு இருபுறமும் வெள்ளை முடி முளைத்தது. சேணம் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி மயிர்க்கால் செத்துப்போனால் அப்படித்தான் முளைக்குமாம். அது வாயில்லாத ஜீவன். வலிக்கிறது என்று சொல்ல அதற்கு இருந்த ஒரே வழி, இரண்டாவது டிரம்மில் திரும்ப மறுப்பது. பிள்ளை அதைப் பிடிவாதம் என்று நினைத்து இன்னும் விரட்டியிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

பட்டறைக்காரம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நாற்பது வருடமாகச் சேணம் கட்டுகிறார். நாங்கள் கொண்டுபோன பழைய சேணத்தைத் தூக்கி மேசைமேல் வைத்து, முதலில் கவிழ்த்தார். மேல்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. அடியில் ஒட்டியிருந்த கம்பளியில் அழுக்கு எங்கே கறுத்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு முன்கொம்பை ஒரு கையிலும் பின்மேட்டை மறு கையிலும் பிடித்து நெருக்கினார். நடுவில் லேசாக மடங்கியது. "மரம் போய்விட்டது" என்றார்.

சேணத்தின் உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டை அங்கே மரம் என்றே சொல்கிறார்கள். உண்மையிலேயே பைன் மரம்தான். மேலே பச்சைத்தோலோ ஃபைபர்கிளாஸோ இறுக்கிப் போர்த்தியிருக்கும். முதுகெலும்பின் இருபக்கமும் படியும் இரண்டு நீளக் கட்டைகள், அவற்றை முன்னால் இணைக்கும் கவை, அதன் மேல் கொம்பு, பின்னால் மேடு. கொம்பு முதலில் மெக்சிகோவின் வாகேரோக்கள், அதாவது மாட்டுக்காரர்கள், சுருக்கில் விழுந்த மாட்டின் கயிற்றைச் சுற்றிக் கட்டப் பயன்பட்டது. பேரல் ரேசிங்கில் மாடு கிடையாது. அங்கே கொம்பு பிள்ளையின் கைப்பிடி. டிரம்மை ஒட்டிக் குதிரை சாயும்போது, கொம்பைத் தள்ளி உட்கார்ந்தால்தான் இருக்கையில் அமுங்கி இருக்க முடியும். அதனால் கொம்பு உயரமாக, ஒல்லியாக இருக்கும். இருக்கை குழிவாக இருக்கும். மாட்டுக்கயிறு போடுகிற சேணம் நல்ல கனம். இது அதைவிட இலகு. அடித்தோலை வட்டமாக நறுக்கிக் குறுக்கியிருப்பார்கள், வளையும் குதிரையின் இடுப்பில் இடிக்காமலிருக்க.

பட்டறைக்காரம்மா சுவரில் தொங்கிய வெறும் மரங்களில் மூன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தோல் இல்லை, துணி இல்லை, வெறும் கட்டையை மைனாவின் முதுகில் வைத்தார். முதலாவது நடுவில் பாலம் போலத் தூக்கி நின்றது. அடியில் கை நுழைந்தது. இரண்டாவது தோளைக் கவ்வியது. மூன்றாவதை வைத்ததும் மைனா ஒரு பெருமூச்சு விட்டது. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, "நடத்திக்கொண்டு போங்கள்" என்றார். மைனா நடந்தபோது தோள் எலும்பு கட்டைக்கு அடியில் தடையில்லாமல் போய்வருகிறதா என்று குனிந்தபடியே கூட நடந்தார். மரம் முடிவாக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஒரு பூவைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

செதுக்குகிறவர் உள்ளே இருந்தார். மெக்சிகோவின் சிவாவாவிலிருந்து இளம் வயதில் வந்தவர். எதிரே தடித்த கருங்கல் பலகை, அதன் மேல் அரை சென்டிமீட்டருக்கும் கூடுதல் தடிமனான தோல். முந்தின நாளே நனைத்து, சுற்றி, மூடி வைத்தது. அதைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். மேலே பழைய நிறம் திரும்பத் தொடங்கி, உள்ளே குளிர்ச்சி மட்டும் மிச்சமிருக்கும் நேரம்தான் பதம். ஈரம் கூடினால் வெட்டிய கோடு மூடிக்கொள்ளும், காய்ந்தால் கத்தி இழுக்கும். இட்லி மாவுக்குக் கை பதம் பார்ப்பது போல இவருக்குக் கன்னம்.

கத்தியின் தலையில் ஆள்காட்டி விரலை வைத்து, தண்டைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உருட்டிக்கொண்டே இழுத்தார். தோலின் பாதி ஆழத்துக்குப் போகாத வெட்டு. பிறகு சிறு சிறு இரும்பு அச்சுகள். ஒன்று கோட்டின் ஒரு பக்கத்தை அமுக்கி இதழை மேலே எழுப்பும். ஒன்று இதழுக்குள் நிழல் போடும். ஒன்று பூவின் நடுவில் விதை வைக்கும். டக், டக், டக் என்று கொட்டாப்புளி ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு ரோஜா முடிய இருபது நிமிடம் ஆனது. பக்கத்திலேயே அடுத்தது. இரண்டும் ஒரே பூ, ஆனால் ஒரே முகம் இல்லை. தகட்டை வைத்து எந்திரத்தில் அழுத்திய பூவாக இருந்தால் ஒவ்வோர் இதழும் அச்சு அசலாக இருக்கும் என்று காட்டித் தந்தார்.

அப்போதுதான் எங்கள் பழைய சேணத்தின் மேல்பக்கத்தை அவர் பார்த்தார். கட்டைவிரலால் அந்த ரோஜாக்களை மெதுவாகத் தடவினார். "இது எந்திரம் இல்லை. நல்ல கை" என்றார். வாரின் அடியில் 'மேட் இன் இந்தியா' என்று இருந்தது. மேற்கத்திய பாணிச் சேணங்களைக் கான்பூரில் செய்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்வது எனக்குத் தெரியும். இது எந்த ஊர், யார் செதுக்கியது என்பதற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. இந்தப் பட்டறையில் ஒவ்வொரு சேணத்திலும் செய்தவர் முத்திரை விழுகிறது. அந்த மனிதர் தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறார். உடையும் மரத்தின் மேல் அதைப் போர்த்தியது வேறு யாரோ போட்ட விலைக்கணக்கு. மைனாவின் முதுகுக் காயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கையும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் அநியாயம் நடந்தது.

பிறகு அலங்காரப் பேச்சு வந்தது. பிள்ளை போனில் படங்களைக் காட்டக் காட்ட, பட்டறைக்காரம்மா ஒரு தாளில் சேணத்தை வரைந்து, எங்கே கூடும் எங்கே கூடாது என்று குறித்தார். இருக்கையிலும், கால் உரசும் தொங்குதோலின் மேல்பகுதியிலும் செதுக்கல் வேண்டாம். அங்கே தோலின் சொரசொரப்பான உட்புறத்தை வெளியே காட்டித் தைத்தால் பிடிப்பு கிடைக்கும். கண்ணாடிக்கல் பின்மேட்டின் முதுகில் மட்டும். வெள்ளிப் பொத்தான் என்று விற்பதில் பெரும்பாலும் நிக்கல் வெள்ளி. அதில் வெள்ளி துளியும் இல்லை என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும். பூவெல்லாம் அடித்தோலின் மூலைகளிலும் முன்கவையிலும்.

"பெரியம்மா, அப்போ மார்புப்பட்டையும் தலைவாரும் இதே பூவில கிடைக்கும்ல?" என்று என்னிடம் கேட்டாள், என்னமோ நான்தான் செய்யப்போகிறேன் என்பது போல.

கிடைக்கும், ஆனால் இப்போதே வெட்ட வேண்டும் என்றார் பட்டறைக்காரம்மா. ஒவ்வொரு தோலும் எண்ணெயை ஒவ்வொரு விதமாகக் குடிக்கும். முதுகுத்தோல் இறுக்கம், வயிற்றுத்தோல் இழுபடும். ஒரே தோலில், ஒரே கை செதுக்கி, ஒரே நாளில் எண்ணெயும் சாயமும் பூசினால்தான் ஜோடி. சேணத்தை இன்று வாங்கிவிட்டு அடுத்த வருடம் தலைவார் வாங்கினால், வெயிலில் கறுத்துப்போன சேணத்தின் பக்கத்தில் அது வெளிறித் தெரியும். மார்புப்பட்டை வெறும் ஜோடிப் பொருளும் அல்ல. டிரம்மை விட்டுக் குதிரை பாயும்போது சேணம் பின்னால் நழுவாமல் அதுதான் பிடிக்கிறது. இறுகினால் தோளைக் கட்டும், தளர்ந்தால் இருந்தும் பயனில்லை. குஞ்சம் வைக்கலாமா என்று பிள்ளை கேட்டதற்கு, "முழங்காலைத் தொடாத நீளத்துக்கு" என்று பதில் வந்தது.

தலைவாரில் கடிவாள இரும்பைப் பிணைக்கும் சிறு திருகாணிகளைத்தான் அவர் கடைசியாகக் காட்டினார். பளபளப்புக்காகப் பலரும் அதைக் கேட்பார்களாம். குதிரை ஓட ஓட அது தளரும். தோல் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கொடுப்பதுதான் அவர் வழக்கம். 1985இல் லாஸ் வேகாஸில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் சார்மேன் ஜேம்ஸின் குதிரை ஸ்கேம்பருக்கு ஓட்டத்தின்போதே தலைவார் கழன்றது. அப்படியும் அந்தச் சுற்றை ஜெயித்தது. 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து முறை உலகப் பட்டம் வாங்கிய ஜோடி அது. அந்தக் கதையை இங்கே எல்லாரும் பெருமையோடு சொல்கிறார்கள். பட்டறைக்காரம்மா மட்டும் திருகாணியை எடுத்துக் காட்டி, "ஸ்கேம்பர் எல்லாருக்கும் கிடைக்காது" என்றார்.

சூரியகாந்தியா ரோஜாவா என்று பிள்ளை தடுமாறிக்கொண்டிருந்தாள். செதுக்குகிறவர் என்னைப் பார்த்து, உங்கள் ஊரில் என்ன பூ என்று கேட்டார். தோல் வாசனை அதுவரை மூக்கிலேயே இருந்ததாலோ என்னவோ, ஆவாரம்பூ என்று வாயில் வந்தது. எங்கள் ஊரில் அதன் பட்டையால்தான் தோல் பதனிட்டார்கள் என்றேன். அவர் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டார். போனில் படம் தேடிக் காட்டினேன். ஐந்து இதழ், மஞ்சள், நடுவே வளைந்து நீளும் கேசரங்கள். பிள்ளை எட்டிப் பார்த்து, "இதுவே இருக்கட்டும்" என்றாள்.

ஒரு துண்டுத் தோலை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அவர் பென்சிலால் வரையத் தொடங்கினார். பூ உடனே வந்துவிட்டது. இலையில்தான் நின்றார். இத்தனை சிறிய இலைகளை ஜோடி ஜோடியாக வைத்தால் அச்சு அடிக்கும்போது ஒன்றோடொன்று இடிந்து போகும். கொஞ்சம் பெரிதாக்கட்டுமா, இலை நுனி உருண்டையா கூரா, காற்றில் மடங்கினால் அடிப்புறம் எப்படித் தெரியும் என்று கேட்டார். இலையின் அடிப்புறத்தை நான் கவனித்ததில்லை. தங்கை திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள். அங்கே அப்போது பின்னிரவு.